பிரேக்கின் கீச்சொலி: காரணமும் பரிகாரமும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் அமைந்த டாலிகஞ்ச், சக்கரங்களின் ஓசைக்கு நெடுங்காலமாகப் பழகிய இடமாகும். தூர்ந்து போயிருந்த பழைய கங்கையின் கால்வாயை 1770களில் தோண்டிச் சீர்செய்த டாலி என்னும் ராணுவ அதிகாரியின் பெயரால் இப்பகுதி வழங்கி வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம் வண்டிகள் இங்கு வந்து சேர்ந்தன. 1930களில் சினிமா ஸ்டூடியோக்கள் எழுந்தன. தமிழில் தோன்றிய முதற்கட்டப் பேசும் படங்களுள் பல அக்காலத்தில் இந்நகரத்து ஸ்டூடியோக்களிலேயே தயாராயின. 1986இல் இந்தியாவின் முதல் சுரங்க ரயில் பாதை டாலிகஞ்ச் வரை நீட்டிக்கப்பெற்றது. இருப்புப் பாதையின் வளைவில் டிராம் திரும்பும்போது எழும் கிறீச்சென்ற ஒலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் இங்கு பல உண்டு.

அவ்வொலிக்கு உறவான மற்றொன்று இன்று இச்சாலைகளில் கேட்கிறது. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. பழைய பேருந்து ஒன்று பெருமூச்சுடன் நிற்கிறது. அதன் அருகில், அதைவிடப் பன்மடங்கு விலையுடைய வேகக் கார் ஒன்று காதைத் துளைக்கும் கீச்சொலியோடு நிற்கிறது. இத்துணை விலை கொடுத்து வாங்கிய காரின் பிரேக்கு பழுதானதா என்று பாதசாரி வியக்கிறார். அதே ஐயம் காரின் உரிமையாளருக்கும் எழுகிறது. பெரும்பாலான சமயங்களில் அக்காருக்குப் பழுது ஏதுமில்லை. ஆயினும் சில சமயங்களில் அவ்வொலி உயிர் காக்கும் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவது வேகக் கார் உடையவர்க்கு மட்டுமன்றி, ஜீப்பிலும் வேனிலும் ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளர்க்கும் இன்றியமையாதது. இதில் அடங்கிய பௌதிகமோ, பள்ளி ஆசிரியர் கரும்பலகையின் முன் நின்று எளிதில் விளக்கத்தக்கது.

உராய்வும் உஷ்ணமும்

ஓடும் காரின் இயக்க ஆற்றலை உஷ்ணமாக மாற்றுவதே பிரேக்கின் தொழில். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5,80,000 ஜூல் ஆகும். காரை முற்றிலும் நிறுத்தினால் இவ்வாற்றலில் பெரும்பகுதி உஷ்ணமாக மாறிப் பிரேக்கின் பாகங்களில் தங்குகிறது. இவ்வுஷ்ணம் 30 டிகிரி சென்டிகிரேடில் உள்ள சுமார் 2 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது மாணவர் அறிந்த விதி. எனவே 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது 8 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கத்தக்க உஷ்ணம் சில வினாடிகளுக்குள் பிறக்கிறது. இதற்கு நேர்மாறாக, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் அதே காரை நிறுத்தும்போது கிடைக்கும் ஆற்றல் 52,000 ஜூல் மட்டுமே. அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதில் பதினொன்றில் ஒரு பங்கு.

இக்காலக் கார்களின் முன் சக்கரங்களில் டிஸ்க் எனப்படும் வார்ப்பிரும்பு வட்டத்தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது, குழாய்களில் உள்ள பிரேக் திரவம் அவ்வழுத்தத்தைக் காலிப்பர் என்னும் கவ்விக்குக் கொண்டு செல்கிறது. கவ்வியின் உள்ளிருக்கும் பிஸ்டன்கள் இரு உராய்வுப் பட்டைகளைத் தகட்டின் இருபுறமும் அழுத்துகின்றன. மெக்கானிக்குகள் பிரேக் பேட் என்று குறிப்பிடுவது இப்பட்டைகளையே. ஜீப் முதலிய வண்டிகளின் பின் சக்கரங்களில் பெரும்பாலும் டிரம் அமைப்பே உண்டு. அதில் பிறைவடிவான ஷூக்கள் உள்ளிருந்து வெளிநோக்கி விரிந்து டிரமின் உட்சுவரை அழுத்துகின்றன. அமைப்பு எதுவாயினும் அடிப்படை ஒன்றே: ஒரு பரப்பு மற்றொரு பரப்பின்மீது தேய்கிறது.

ஒலி பிறக்கும் விதம்

தேய்கின்ற பொருள் யாவும் ஒலிப்பதில்லை. ஒலி பிறக்க வேண்டுமாயின் அதிர்வு வேண்டும். அதிர்வு நீடிக்க வேண்டுமாயின் அதற்கு இடைவிடாது ஆற்றல் கிடைக்க வேண்டும். வயலின் வித்துவான் வில்லை இழுக்கும்போது நிகழ்வது இதுவே. குங்கிலியம் பூசிய வில் தந்தியைப் பற்றிச் சிறிது தூரம் இழுத்துச் செல்கிறது. தந்தியின் இழுவிசை மிகுந்ததும் பிடி நழுவித் தந்தி பின்வாங்குகிறது. மீண்டும் வில் அதைப் பற்றுகிறது. பற்றுதலும் நழுவுதலும் வினாடிக்குப் பல நூறு முறை மாறி மாறி நிகழ்வதால் இனிய நாதம் பிறக்கிறது. நிலையான பரப்புகளுக்கு இடையே உள்ள உராய்வு, நழுவும் பரப்புகளுக்கு இடையே உள்ள உராய்வைவிட மிகுதியாக இருப்பதே இதற்கு அடிப்படைக் காரணம். டிராம் வளைவில் திரும்பும்போது சக்கரம் தண்டவாளத்தின்மீது பக்கவாட்டில் நழுவுவதால் எழும் ஒலியும் இவ்வகையினதே.

பிரேக்கின் கீச்சொலியில் இதனுடன் மற்றொரு காரணமும் சேருகிறது. வட்டத்தகட்டைக் கழற்றித் தொங்கவிட்டு ஒரு சிறு சுத்தியால் தட்டினால் அது கோயில் மணியைப் போல் ஒலிக்கும். அதற்கென இயற்கையான அதிர்வெண்கள் பல உண்டு. உராய்வுப் பட்டைக்கும் கவ்விக்கும் அவ்வாறே தத்தம் அதிர்வெண்கள் உண்டு. இவற்றுள் இரண்டு அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று மிக அணித்தாக அமையும்போது, உராய்வு அவ்விரு அதிர்வுகளையும் பிணைத்துவிடுகிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, இரண்டும் சேர்ந்து வளர்கின்றன. அதற்கு வேண்டிய ஆற்றலைக் காரின் ஓட்டமே அளிக்கிறது. இந்நிலையில் உராய்வு சிறிதும் மாறாமல் ஒரே அளவாக இருந்தாலும் ஒலி எழும் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வொலியின் அதிர்வெண் பெரும்பாலும் வினாடிக்கு 1,000 முதல் 16,000 வரை இருக்கும். மனிதச் செவி வினாடிக்கு 2,000 முதல் 5,000 வரையுள்ள அதிர்வுகளையே மிக நுட்பமாக உணர்கிறது. ஆகவேதான் பேருந்தின் எஞ்சின் முழக்கத்தினூடேயும் பிரேக்கின் கீச்சொலி தனித்துக் கேட்கிறது.

இவ்வொலிக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதைக் கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். முன் கூறிய காரை 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 4 வினாடிகளில் நிறுத்துவதாகக் கொள்வோம். பிரேக்குகள் சராசரியாக 13,000 வாட் திறனை உஷ்ணமாக்குகின்றன. ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் அளவுள்ள ஒலி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதற்கு வேண்டிய திறனோ ஒரு வாட்டில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அஃதாவது, பிரேக்கின் திறனில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வழிதவறினால் போதும். தெருவில் உள்ளோர் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். பொறியியலார் நூறாண்டுகளுக்கு மேல் முயன்றும் இவ்வொலியை அறவே ஒழிக்க இயலாமைக்குக் காரணம் இச்சிறுமையே.

ஆராய்ச்சியின் வழி

டிஸ்க் பிரேக்கும் அதன் கூச்சலும் ஒருங்கே பிறந்தவை எனலாம். இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய செம்புப் பட்டைகள் இரும்புத் தகட்டில் உரசிச் சகிக்கவொண்ணா ஒலி எழுப்பின. பின்னர் ஹெர்பர்ட் புரூட் என்பார் கல்நார் கலந்த பட்டைகளைப் புகுத்தி அவ்வொலியைத் தணித்தார். மலிவும் எளிமையும் கருதி உலகம் நெடுங்காலம் டிரம் பிரேக்குகளையே நாடிற்று. 1953இல் பிரான்சு நாட்டின் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் கார் வென்றதும் நிலைமை மாறியது. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். கார், டிஸ்க் பிரேக்குகளைச் சாதாரணச் சாலைக்குக் கொண்டுவந்தது.

ஒலியின் காரணத்தை ஆராய்ந்தோருள் மில்ஸ் என்பவர் 1938இல், வேகம் மிகும்போது உராய்வு குறைவதே காரணம் என்று கருதினார். 1961இல் ஸ்பர் என்பவர், பட்டை தகட்டைத் தொடும் கோணமும் காரணமாகலாம் என்றும், சாய்வாக ஊன்றிய கோல் தரையில் குத்திக்கொள்வதைப்போல் பட்டை சிக்கிச் சிக்கி விடுபடுகிறது என்றும் விளக்கினார். 1970களில் நார்த் என்பவர் இரு அதிர்வுகள் பிணையும் கொள்கையைக் கணித வடிவில் நிலைநாட்டினார். இன்று தொழிற்சாலைகளில் கணிப்பொறியின் துணையால் ஒவ்வொரு பாகத்தின் அதிர்வெண்களும் முன்கூட்டியே கணிக்கப்படுகின்றன.

இத்தொழிலில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான இடமுண்டு. சென்னையை அடுத்த பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது. உராய்வுப் பட்டைகளைச் செய்யும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001இலும், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003இலும் தரக் கட்டுப்பாட்டுக்கென ஜப்பான் அளிக்கும் டெமிங் பரிசைப் பெற்றன.

வேகக் காரும் மெதுவான நகரமும்

சாதாரணக் காரைவிட வேகக் காரின் பிரேக்கு மிகுதியாக ஒலிப்பதேன்? அது செய்ய வேண்டிய வேலைக்கும் நகரத்தில் அதற்குக் கிடைக்கும் வேலைக்கும் உள்ள முரண்பாடே முதற்காரணம்.

வேகக் காரின் பட்டைகளில் உலோகத் துகள்கள் மிகுந்திருக்கும். உஷ்ணம் பல நூறு டிகிரி ஏறினும் பிடி தளராதிருப்பதற்காக இவ்வாறு செய்யப்படுகின்றன. பந்தயத்துக்கென்றே அமைந்த பட்டைகள் நன்கு சூடேறிய பின்னரே முழுத் திறனைக் காட்டும். குளிர்ந்த நிலையில் அவை பிடிப்பிலும் குறையுடையவை, ஒலியிலும் மிகுந்தவை. மேலும், பட்டையின் உராய்வுக் கெழு உயர உயர அதிர்வுகள் பிணைவதற்கான வாய்ப்பும் உயர்கிறது. எடையும் உஷ்ணத் தேக்கமும் குறைய வேண்டுமென்று, ஒலியைத் தணிக்கும் இடைத்தகடுகள் பந்தய அமைப்புகளில் நீக்கப்படுவதும் உண்டு. தகடுகள் பெரியவை, கவ்விகள் விறைப்பானவை, எனவே ஒலியை உள்ளுக்குள் விழுங்கும் மென்மை அங்கே குறைவு. கார்பன் பீங்கான் தகடுகள் பொருத்திய கார்கள் குளிரிலும் ஈரத்திலும் கீச்சிடுவது இயல்பே.

இத்தகைய கார் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பெற்ற பந்தயப் பாதையில் ஓடினால், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு சுற்றிலும் அதன் பிரேக்குகள் பன்முறை சூடேறித் தமக்குரிய நிலையை அடையும். டாலிகஞ்சிலோ நிலைமை வேறு. டாம்டாம் நிறுவனம் 2024ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி கொல்கத்தாவில் 10 கிலோமீட்டர் செல்லச் சராசரியாக 34 நிமிடம் 33 வினாடி ஆயிற்று. மணிக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகம் இது. உலகின் மிக மெதுவான நகரங்களின் வரிசையில் அவ்வாண்டு கொல்கத்தா இரண்டாமிடம் பெற்றது. இவ்வேகத்தில் மிதியை இலேசாகத் தொட்டு விடுவதே மிகுதி. பட்டைகள் சூடேறுவதில்லை, அவற்றின் பரப்பு வழவழப்பாகிப் பளபளக்கத் தொடங்குகிறது. சிறு வேகமும் சிறு அழுத்தமும் சேர்ந்த இந்நிலையே கீச்சொலிக்கு மிகவும் உகந்தது.

தட்பவெப்பமும் துணை செய்கிறது. மழைக்காலத்தின் ஈரக்காற்றில் ஓரிரவு நின்ற காரின் வார்ப்பிரும்புத் தகட்டில் மெல்லிய துருப் படிந்துவிடும். காலையில் முதன்முதலாகப் பிரேக்கை அழுத்தும்போது கேட்கும் உரசல் ஒலி இதனால் விளைவதே. நாலைந்து முறை நிறுத்தியதும் துரு தேய்ந்து ஒலி மறைந்துவிடும். மின்சாரக் கார்களில் மோட்டாரே வண்டியின் வேகத்தைத் தணிப்பதால் பட்டைகளுக்கு வேலை குறைவு. துரு தேயாமல் தங்குகிறது. எஞ்சின் ஓசை இன்மையால் சிறு கீச்சொலியும் அவற்றில் பெரிதாகக் கேட்கிறது.

ஒலிகளை வகைப்படுத்தல்

பரிகாரம் தேடுமுன் ஒலியைச் செவ்வனே கேட்டு வகைப்படுத்துதல் வேண்டும்.

முதலாவது, நிற்கும் தறுவாயில் எழுந்து, நின்றதும் மறையும் உயர்ந்த கீச்சொலி. பிடிப்பில் குறையின்றி, பட்டைகளின் கனமும் போதிய அளவு இருக்குமாயின் இது பெரும்பாலும் தொல்லையேயன்றி அபாயமன்று.

இரண்டாவது, இடைவிடாத மெல்லிய கீச்சொலி. பல கார்களின் பட்டைகளில் ஒரு சிறு எஃகு நாக்குப் பொருத்தப்பட்டிருக்கும். பட்டை தேய்ந்து ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டர் மிஞ்சும்போது அந்நாக்குத் தகட்டைத் தொட்டுக் கீச்சிடும். செய்தவர்கள் வேண்டுமென்றே வைத்த ஒலி இது. இதைக் கேட்டதும் பட்டைகளை மாற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, இரும்போடு இரும்பு அரைபடும் கரகரவென்ற ஒலி. பட்டை முற்றிலும் தேய்ந்து, அதன் முதுகுத்தகடு வட்டத்தகட்டை அறுக்கிறது என்பதே இதன் பொருள். வண்டியை அப்பால் ஓட்டலாகாது. தகட்டுக்கும் காப்புத் தட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கினாலும் இத்தகைய ஒலி எழும். ஆயினும் சோதித்துப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வரலாம்.

நான்காவது, தாழ்ந்த முனகல் ஒலி. தானியங்கிக் கியர் உள்ள கார் பிரேக்கைச் சற்றே தளர்த்தி ஊரும்போது இது கேட்கும். பற்றி நழுவும் அதிர்வு இதன் காரணம்.

ஐந்தாவது, செவியைவிடக் கைக்கும் காலுக்கும் மிகுதியாகத் தெரியும் நடுக்கம். வேகமாகச் சென்று பிரேக்கை அழுத்தும்போது ஸ்டியரிங் சக்கரம் நடுங்கும். தகட்டின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமையே இதற்குக் காரணம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டொரு பங்கு வேறுபாடும் இதற்குப் போதும்.

ஆறாவது, மிதியை அழுத்தியதும் ஒருமுறை கேட்கும் டக்கென்ற ஒலி. பட்டையோ கவ்வியோ தன் இருக்கையில் தளர்ந்திருப்பதை இது காட்டும். திருகுகளை உடனே சோதித்தல் வேண்டும்.

பரிகாரம்

ஒலி எந்தச் சக்கரத்தினின்று வருகிறது, குளிர்ந்த நிலையிலா சூடான நிலையிலா, முன்னே செல்கையிலா பின்னே செல்கையிலா என்பவற்றை ஓட்டுநர் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் கூறினால் பாதி வேலை முடிந்ததாகும்.

அடுத்தது தூய்மை. கவ்வியைக் கழற்றி, பட்டைகள் அமரும் இடங்களில் உள்ள துருவையும் அழுக்கையும் நீக்குதல் வேண்டும். கவ்வி நகரும் ஊசிகள் தடையின்றி இயங்க வேண்டும். ஊசி இறுகினால் பட்டை சாய்வாகத் தேயும். சாய்வான தேய்மானம் ஒலியை வளர்க்கும். பட்டையின் முதுகிலும், அதன் காதுகள் அமரும் இடங்களிலும் உயர் உஷ்ணம் தாங்கும் பிரத்தியேகக் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசலாம்.

மூன்றாவது, ஷிம் எனப்படும் இடைத்தகடு. எஃகையும் ரப்பரையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யப்படும் இத்தகடு, பட்டைக்கும் பிஸ்டனுக்கும் இடையே அமர்ந்து அதிர்வின் ஆற்றலை விழுங்குகிறது. பழைய பட்டையை எறியும்போது ஷிம்மையும் தவறவிட்டு, புதிய பட்டையை வெறுமனே பொருத்துவதாலேயே பல வண்டிகள் கீச்சிடத் தொடங்குகின்றன.

நான்காவது, பட்டையின் வடிவம். பட்டையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சரிவாகச் சீவுவதாலும், நடுவே பள்ளம் இடுவதாலும் அதன் அதிர்வெண் மாறுகிறது. பிணைந்திருந்த இரு அதிர்வுகள் பிரிகின்றன, ஒலி அடங்குகிறது. சரிவும் பள்ளமும் பட்டையைச் செய்பவர் குறித்த அளவில் அமைந்தனவாகவே வாங்குதல் நன்று.

ஐந்தாவது, பட்டையும் தகடும் ஒன்றோடொன்று பழகுதல். புதிய பட்டை பொருத்தியதும், மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகப் பலமுறை வேகம் தணித்து, முற்றிலும் நிறுத்தாமல் ஓட்டி, பின்னர் குளிரவிட வேண்டும். இதனால் பட்டையின் பொருள் மிக மெல்லிய ஏடாகத் தகட்டின்மீது சீராகப் படிகிறது. சூடான நிலையில் மிதியை அழுத்தியபடியே நின்றால் ஓரிடத்தில் மட்டும் மிகுதியாகப் படிந்து நடுக்கத்துக்கு வித்தாகும். இதற்கான வேகமும் எண்ணிக்கையும் காருக்குக் கார் வேறுபடுமாதலால் தயாரிப்பாளரின் குறிப்பையே பின்பற்றுதல் வேண்டும். நெரிசலற்ற சாலையில், பின்வரும் வண்டி இல்லாத பொழுதில் செய்தல் வேண்டும்.

யாவற்றினும் முதன்மையானது பொருத்தமான தேர்வு. டாலிகஞ்சிலிருந்து எஸ்பிளனேடு வரை நாள்தோறும் ஊர்ந்து செல்லும் காருக்குப் பந்தயப் பட்டை தகுதியன்று. குளிர்ந்த நிலையிலேயே நன்கு பிடிக்கும் சாலைப் பட்டை ஒலியும் குறைவு, முதல் நிறுத்தத்திலேயே பாதுகாப்பும் மிகுதி. பந்தயப் பாதைக்குச் செல்லும் நாளில் மட்டும் அதற்குரிய பட்டையை மாற்றிக்கொள்வோர் பலர், அதுவே அறிவுடைமை.

செய்யத் தகாதவை

கீச்சொலியை நிறுத்த உராய்வுப் பரப்பில் எண்ணெயோ கிரீஸோ தடவுவது பெருங்கேடு. ஒலி உடனே நின்றுவிடும். அதனோடு பிடியும் நின்றுவிடும். எண்ணெய் ஊறிய பட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. மாற்றியே ஆக வேண்டும். சாதாரணக் கிரீஸ் பிஸ்டனின் ரப்பர் வளையங்களை ஊதிப் பருக்கச் செய்யும் என்பதையும் நினைவில் கொள்க.

பிரேக் தூசியை வாயால் ஊதுவதும் அழுத்தக் காற்றால் வெளியேற்றுவதும் தகாது. பழைய வண்டிகளின் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்க வல்லவை. கல்நார் இல்லாத பட்டையின் தூசியும் மூச்சுக்கு நல்லதன்று. ஈரத் துணியாலோ, இதற்கெனச் செய்யப்பட்ட திரவத்தாலோ துடைப்பதே முறை.

மௌனமான கேடு

ஒலிக்கும் பிரேக்கு தன்னைப்பற்றி ஏதேனும் சொல்கிறது. ஒன்றுமே சொல்லாத கேடு ஒன்றுண்டு. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுகிறது. டாட் 4 என்னும் தரத்துத் திரவம் புதியதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை உடையதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் கலந்த பின்னர் அவ்விதி கோருவது 155 டிகிரி மட்டுமே. மலைப்பாதையில் நெடுநேரம் இறங்கும்போது பிரேக்கு சூடேறித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியோ சுருங்கும். மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. அதற்கு முன் ஒரு கீச்சொலிகூடக் கேட்டிராது. கொல்கத்தா, சென்னை போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு, தயாரிப்பாளர் குறித்த காலத்தில், பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை, திரவத்தை மாற்றுதல் இன்றியமையாதது. ஒலியைக் கண்டு அஞ்சி மெக்கானிக்கிடம் ஓடுவோர் இம்மௌனத்தையும் நினைவிற்கொள்வது நலம்.

களப்பணியாளர் நீரோடையைக் கடந்து சென்றபின், மிதியை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டிப் பிரேக்குகளை உலர்த்திக்கொள்ளுதல் வேண்டும். டிரமின் உள்ளே தூசியும் மணலும் தங்குமாதலால் அவற்றை உரிய காலத்தில் திறந்து துடைப்பதும் அவசியம்.

வகுப்பறையில்

ஆசிரியர் இவ்வுண்மைகளைச் செலவின்றி விளக்கலாம். ஒரு நீண்ட சாக்குக் கட்டியைக் கரும்பலகைக்கு ஏறக்குறைய நேர்க்குத்தாகப் பிடித்துத் தள்ளினால் அது கீச்சிடும். பலகையில் விட்டு விட்டு விழுந்த புள்ளிகள் தெரியும். பற்றுதலும் நழுவுதலும் இட்ட தடங்கள் அவை. அதே கட்டியை இரண்டாக ஒடித்து எழுதினால் ஒலி மாறும் அல்லது மறையும். சாய்த்துப் பிடித்தாலும் மறையும். நீளம் மாறியதால் அதிர்வெண்ணும், சாய்வு மாறியதால் தொடும் கோணமும் மாறின. பட்டையின் விளிம்பைப் பொறியியலார் சீவுவதன் தத்துவம் இங்கே புலனாகும்.

மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஈர விரலை வட்டமாகத் தேய்த்தால் அது பாடும். நீர் ஊற்றினால் சுருதி இறங்கும். ரப்பர் வளையம் கட்டிய மரக்கட்டையை மேசைமீது மெதுவாக இழுத்தால் அது தயங்கித் தயங்கிப் பாயும்; வேகமாக இழுத்தால் சீராக நகரும். மெதுவாகச் செல்கையில் கீச்சிட்டு, வேகத்தில் அமைதியுறும் பிரேக்கின் இயல்பை மாணவர் இதனால் கண்கூடாகக் காண்பர்.

பொதுநலமும் இதில் அடங்கியுள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெலும் இரவில் 45 டெசிபெலும் உச்ச அளவுகள். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கு அளவுகள் முறையே 50, 40. டாலிகஞ்சில் எம்.ஆர். பாங்குர் மருத்துவமனை சாலையோரத்திலேயே உள்ளது. உறங்க முயலும் நோயாளிக்கு விலையுயர்ந்த காரின் கீச்சொலியும் பழைய லாரியின் கீச்சொலியும் ஒன்றே.

ஆயினும் ஒலியை அடக்குவது மட்டும் குறிக்கோளாகாது. பிரேக்கு பேசும்போது அதன் பொருளை அறிந்து, சிலவற்றைப் பொறுத்து, சிலவற்றைத் திருத்தி, சிலவற்றுக்கு உடனே வண்டியை நிறுத்துவதே முறை. அவ்வாறு கேட்கப் பழகிய செவி, வண்டியில் பொருத்தப்படும் எக்கருவியினும் பயனுடையதாகும்.